குளிர்நாட்டில் அத்தி

“அத்தி பூத்தாற்போல” என்னும் தொடர் தமிழ் மக்களின் பேச்சில் நெடுங்காலமாக வழங்கி வருகின்றது. நெடுநாட் காணாத உறவினர் வாயிலில் வந்து நின்றால், இத்தொடர் தானாகவே நாவில் எழும். அத்தியின் பூவை எவரும் கண்டதில்லை என்பதே இதன் கருத்து. உண்மையில் அத்தி பூவாத மரமன்று. காய் என்று மக்கள் கருதும் அதுவே நூற்றுக்கணக்கான நுண்ணிய பூக்களைத் தன்னுள் அடக்கி வைத்திருக்கும் சதைப்பற்றுள்ள உறையாகும். நுனியிலுள்ள சிறு துளையொன்றைத் தவிர அதற்கு வேறு வாயிலில்லை. பூக்கள் உள்ளேயே மலர்ந்து உள்ளேயே கனிகின்றன. இவ்வாறு மறைந்து பூக்கும் மரம், வெயில் காயும் தன் தாய்நாட்டை விட்டுப் பனி பெய்யும் நாடுகளின் வீட்டு முற்றங்களிற் குடியேறிய வரலாறு சுவை மிக்கது. அது மரத்தின் வரலாறு மட்டுமன்று. வீடு என்பது யாது என்ற வினாவும் அதனுள் மறைந்து கிடக்கின்றது.

அத்தி என்னும் பெயராற் குறிக்கப்படும் மரங்கள் இரண்டு உண்டு. ஒன்று, தென்னிந்தியாவிலும் இலங்கையிலும் ஆற்றோரங்களிற் பெருமரமாக வளர்ந்து, அடிமரத்திலும் கிளைகளிலும் கொத்துக் கொத்தாகக் காய்க்கும் நாட்டத்தி. பழந்தமிழர் இதனை அதவம் என்றனர். ஆற்றங்கரை அத்தியின் பழம் ஒன்று ஏழு நண்டுகளின் காலில் மிதிபட்டுக் குழைவதை, ஊரார் பழிச்சொல்லால் நொந்த ஒரு தலைவியின் நிலைக்குக் குறுந்தொகை உவமையாகக் காட்டுகின்றது. மற்றையது, கடைகளில் உலர்ந்த பழமாக நாரிற் கோத்து விற்கப்படும் சீமை அத்தி. வட இந்தியர் இதனைப் பாரசீகச் சொல்லால் அஞ்சீர் என்பர். ஆல், அரசு, இச்சி ஆகியனவும் இவ்விரண்டின் குலத்தைச் சேர்ந்தவையே. கிளையை ஒடித்தாற் பால் வடிவதும், பூ உறைக்குள் மறைந்திருப்பதும் இக்குலத்தின் அடையாளங்கள். இங்கே கூறப்படுவது சீமை அத்தியின் கதை.

சீமை அத்தியின் பிறப்பிடம் மேற்கு ஆசியா. யோர்தான் ஆற்றுப் பள்ளத்தாக்கில் கில்கால் என்னும் பழங்குடியிருப்பை அகழ்ந்தபோது, கருகிய நிலையிற் சில அத்திப்பழங்கள் கிடைத்தன. அவை ஏறத்தாழ 11,400 ஆண்டுகளுக்கு முற்பட்டவை என்று ஆராய்ச்சியாளர் 2006 ஆம் ஆண்டில் வெளியிட்டனர். முளைக்கும் விதையில்லாத அப்பழங்களைத் தந்த மரம், மனிதர் கிளையை வெட்டி நட்டதனாலேயே பெருகியிருக்க வேண்டும் என்பது அவர்தம் முடிபு. வேறு அறிஞர் சிலர் இம்முடிபை ஐயுறுகின்றனர். எனினும், நெல்லையும் கோதுமையையும் விதைத்துப் பழகுவதற்கு முன்னரே மனிதன் அத்திக்கிளை ஒன்றை மண்ணில் ஊன்றியிருக்கலாம் என்னும் எண்ணம் வியப்புக்குரியது. ஒரு சாண் நீளக் குச்சியை ஈரமண்ணில் ஊன்றினால் அத்தி வேர்விடும். இடம்பெயரும் மக்கள் மூட்டையில் வைத்துச் செல்லத்தக்க மரம் அது.

மத்தியதரைக் கடலைச் சூழ்ந்த நாடுகளில் கோடை வறண்டது. மாரி மிதமான குளிரும் மழையும் உடையது. அத்தி இந்த ஒழுங்குக்கு இசைந்து வளர்ந்தது. கோடையிற் பழுத்து, மாரியில் இலையுதிர்த்து, உறங்கி, இளவேனிலில் மீண்டும் துளிர்க்கும். உறங்கும் மரம் நீர் உறையும் நிலைக்குக் கீழே சில பாகை வரை குளிரைத் தாங்கும். அதற்கும் மிஞ்சிய குளிரில் இளங்கிளைகள் கருகும்; கடுங்குளிரில் அடிமரமும் மடியும். ஆயினும் மண்ணுக்குள் இருக்கும் வேர் பெரும்பாலும் பிழைத்துக்கொள்ளும். குளிர்நாட்டில் அத்தியை வளர்க்க விரும்பியோர் இந்த ஓர் உண்மையையே துணையாகக் கொண்டனர்.

இங்கிலாந்தில் அவர்களுக்குத் துணை நின்றது சுவர். இலண்டனில் கன்ரபெரிப் பேராயரின் இல்லமான லம்பெத் மாளிகையில் பழைய அத்தி மரங்கள் உண்டு. 1556 முதல் 1558 வரை பேராயராக விளங்கிய கர்தினால் போல் நட்ட மரங்களின் வழிவந்தவை அவை என்பது மரபு. ஆங்கிலத் தோட்டக்காரர் தெற்கு நோக்கிய சுவரின் ஓரத்திலேயே அத்தியை நடுவர். பகலில் வெயிலை வாங்கும் கல் இரவில் அவ்வெப்பத்தை மெல்ல மெல்ல மரத்துக்குக் கொடுக்கும். பிரான்சில் பாரிஸ் நகருக்கு அண்மையிலுள்ள ஆர்ஜன்தேய் ஊரார் வேறொரு வழி கண்டனர். அவர்கள் அத்தியை ஒரே அடிமரமாக ஓங்க விடாமற் புதராக வளர்த்து, குளிர்காலம் நெருங்கியதும் கிளைகளை வளைத்து மண்ணுக்குள் புதைத்துவிடுவர். இளவேனில் வந்ததும் மண்ணை அகற்றி எழுப்புவர்.

இவ்வழக்கம் கடலையும் கடந்தது. பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதியிலும் இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்திலும் தென் இத்தாலியிலிருந்து வறுமையால் வெளியேறிய மக்கள் நியூயோர்க் முதலிய அமெரிக்க நகரங்களிற் குடியேறினர். அவர்களுட் பலர் ஊர் மரத்தின் குச்சியையும் உடன் கொண்டு சென்றனர். அந்நகரங்களின் குளிரோ தென் இத்தாலியில் எவரும் அறியாதது. ஆகவே மரத்தைக் கயிற்றாற் கட்டிச் சாக்கும் பழந்துணியும் சுற்றி, மழைநீர் இறங்காதபடி உச்சியில் ஒரு வாளியைக் கவிழ்த்து வைத்தனர். சிலர் ஒரு பக்கத்து வேரை வெட்டி, மரத்தைச் சாய்த்துக் குழியிற் புதைத்தனர். சந்தையிற் பழம் வாங்கத் தெரியாதவர்கள் அல்லர் அவர்கள். பிறந்த ஊர் ஒரு கைப்பிடியளவேனும் முற்றத்தில் இருக்கவேண்டும் என்று விரும்பியவர்கள்.

புதைக்கவும் சுற்றவும் இடமில்லாதோர் தொட்டியில் வளர்த்தனர். அத்திக்கு இது தீங்கன்று. வேர் நெடுந்தொலைவு ஓடினால் மரம் இலையையே பெருக்கும். வேர் அடங்கியிருந்தாற் காய்ப்பு மிகும். இலையுதிர்ந்த தொட்டிமரத்தைக் குளிர்காலத்தில் இருண்ட கொட்டிலில் வைத்து, மண் முற்றாகக் காயாத அளவுக்குச் சிறிது நீர் வார்த்தாற் போதும். குளிர்நாட்டாருக்குப் பயன்பட்ட மற்றோர் இயல்பும் அத்திக்கு உண்டு. பல வகைகள் ஆண்டுக்கு இருமுறை காய்ப்பன. முந்திய ஆண்டுக் கிளையின் நுனியிற் பட்டாணி அளவில் நின்று, குளிரைக் கடந்து கோடையிற் பழுப்பது ஒன்று. அவ்வாண்டுத் துளிரிற் காய்த்து இலையுதிர் காலத்திற் பழுப்பது மற்றொன்று. குறுகிய கோடை உடைய நாடுகளில் இரண்டாவது பழுப்பதில்லை, முதலாவது பழுக்கும். எனவே அந்நுனிக் காய்களைக் காப்பதே அங்குள்ளாரின் முழு வேலையாகும்.

குளிரைக் காட்டிலும் நுட்பமான இடையூறு ஒன்றையும் வரலாறு காட்டுகின்றது. உலர்பழத்துக்குப் பேர்பெற்றது, இன்று இஸ்மிர் என வழங்கும் துருக்கியின் சுமிர்னா நகரத்து அத்தி. அதனை 1880 களிற் கலிபோர்னியாவிற் கொண்டுவந்து நட்டனர். மரங்கள் செழித்தன, காய்களோ பழுக்காமல் உதிர்ந்தன. துருக்கிய உழவர் காட்டத்திக் காய்களைக் கோத்துத் தோட்டத்து மரங்களில் தொங்கவிடுவது வழக்கம். அதனை மூடநம்பிக்கை என்று அமெரிக்கர் பலர் எள்ளினர். ஆனால் காட்டத்திக்குள் வாழும் சிறு குளவியே நுனித்துளை வழியாக நுழைந்து மகரந்தம் சேர்க்கின்றது என்பது பின்னர் அவர்களுக்கும் தெளிவாயிற்று. அக்குளவியைக் கொணர்ந்து 1899 ஆம் ஆண்டில் நிலைபெறச் செய்த பின்னரே சுமிர்னா அத்தி அங்கே கனிந்தது. வீட்டில் வளர்ப்போருக்கு நல்வாய்ப்பாக, குளவியின் உதவியின்றியே பழுக்கும் வகைகளும் பல உண்டு. பிரவுண் டர்க்கி, வெள்ளை மார்சேல்ஸ், இந்தியாவின் பூனா அத்தி ஆகியன அவ்வினத்தவை.

மரக்கிளையைப் பாத்திரத்தில் ஊன்றிக் கடல் கடத்துவது இலங்கைக்குப் புதிதன்று. கி.மு. மூன்றாம் நூற்றாண்டில் புத்தகயாவின் போதிமரத்துக் கிளை பொற்பாத்திரத்தில் வைக்கப்பட்டு, சங்கமித்தையாற் கொணரப்பட்டு அநுராதபுரத்தில் நடப்பட்டது என்று மகாவம்சம் கூறும். அரசமரமும் அத்திக் குலத்தது என்பதை எண்ணினால், அத்தீவின் வரலாற்றிற் பெரிதும் போற்றப்பட்ட தாவரக் குடியேற்றம் ஓர் அத்திக் குலத்துக் குடியேற்றமே எனலாம். அம்மரத்துக்கு மேடை எழுந்தது; மதில் எழுந்தது; காவலர் நியமனம் பெற்றனர். ஈராயிரம் ஆண்டுகளுக்கு மேலாக அது நிற்கின்றது. இடம்பெயர்ந்த மரம் நிலைத்து நிற்பதற்கு மண்ணும் நீரும் மட்டும் போதா, அதற்கென்று ஓரிடம் உறுதியாதலும் வேண்டும் என்பதற்கு இதனினும் சிறந்த சான்று இல்லை.

பத்தொன்பதாம் நூற்றாண்டில் ஆங்கிலேயர் மலைநாட்டுக்குக் கொணர்ந்த தாவரங்களும் இத்தகைய உறுதியைப் பெற்றன. 1821 ஆம் ஆண்டிற் பேராதனைத் தாவரவியற் பூங்கா தொடங்கப்பெற்றது. 1848 இல் நுவரெலியாவிற் குடியேறிய சாமுவேல் பேக்கர் ஐரோப்பியப் பயிர்களையும் கால்நடைகளையும் அக்குளிர்ச் சமவெளியிற் பெருக்க முயன்றார். 1861 இற் சிங்கோனா மரத்தை வளர்ப்பதற்கென்றே ஊவாவின் எல்லையை அடுத்து ஹக்கலைப் பூங்கா அமைந்தது. கோப்பித் தோட்டங்கள் ஊவா மலைகளிலும் பரவின. ஆனால் 1869 ஆம் ஆண்டில், பசறைக்கு அண்மையிலுள்ள மடுல்சீமையிற் கோப்பி இலைகளில் மஞ்சட் புள்ளிகள் தோன்றின. இலைத்துரு என்னும் அந்நோய் இருபது ஆண்டுகளிற் கோப்பித் தொழிலை வீழ்த்தியது. அடுத்துச் சிங்கோனா பரவியது. 1886 இல் ஏறத்தாழ ஒன்றரைக் கோடி இறாத்தல் பட்டை ஏற்றுமதியாயிற்று. பின்னர் விலை வீழவே அதுவும் மறைந்தது. இறுதியில் தேயிலை நிலைத்தது. ஒவ்வொரு பயிருக்கும் நாற்றுமேடை இருந்தது, நிழல்மரம் இருந்தது, ஆராயும் அறிஞர் இருந்தனர், அளந்து ஒதுக்கிய நிலமும் இருந்தது.

இனி, இம்மலைகளில் அத்திக்கு இடமுண்டா என்பது வினா. உயரம் 1,000 மீற்றர் ஏற, வெப்பம் ஏறத்தாழ 6 பாகை செல்சியஸ் குறையும். பதுளை நகர் ஏறத்தாழ 680 மீற்றர் உயரத்திலும், பண்டாரவளை 1,200 மீற்றருக்குச் சற்று மேலாகவும், நுவரெலியா 1,860 மீற்றருக்கு மேலாகவும் உள்ளன. நுவரெலியாவில் தை மாதத்து விடியற்காலையிற் புல்மேல் உறைபனி படிவதுண்டு. ஆயினும் ஐரோப்பியக் குளிரோடு ஒப்பிட்டால் அது ஒன்றுமில்லை. அங்கே அத்திக்குப் பகை குளிரன்று. ஓயாத மூடுபனியும் மழையுமே. ஈரத்திற் பழம் வெடித்துப் புளிக்கும். கோப்பியை அழித்த பூஞ்சணத்தின் குலத்தைச் சேர்ந்த பிறிதொரு பூஞ்சணம் அத்தி இலையிலும் துருவாகப் படிந்து, இலைகளை உதிர்க்கும்.

ஊவாவின் நிலை வேறு. தென்மேற்குப் பருவக்காற்று தன் மழையை மத்திய மலைகளின் மேற்குச் சரிவிற் கொட்டிவிட்டு, வறண்ட காற்றாக இப்பக்கம் இறங்குகின்றது. ஆனி முதல் ஆவணி வரை பதுளை, பண்டாரவளை, பசறைப் பகுதிகளில் மழை குறைந்து வெயிலும் காற்றும் மிகும். அக்காலத்துக் கொழுந்துக்கே ஊவாத் தேயிலை உலகப் புகழ் பெற்றது. ஐப்பசி முதல் மார்கழி வரை வடகீழ்ப் பருவமழை நிலத்தை நனைக்கும். மாரியில் மழையும் கோடையில் வறட்சியும் என்னும் இவ்வொழுங்கு, மத்தியதரைக் கடல் நாடுகளின் ஒழுங்கை ஓரளவு நினைவூட்டுகின்றது. தேயிலைக்கு மணந்தரும் அந்த வறண்ட காற்றே அத்திப்பழத்துக்கு இனிமையும் தரவல்லது.

கடுங்குளிர் இல்லாத நாட்டில் மரம் எவ்வாறு உறங்கும் என்று கேட்கலாம். அதற்கு மகாராட்டிர உழவர் விடை கண்டுள்ளனர். பூனாவை அடுத்த புரந்தர் வட்டாரத்தில் நீரை நிறுத்தியும் கிளையை நறுக்கியும் மரத்தை ஓய்வுகொள்ளச் செய்து, வேண்டிய காலத்திற் காய்க்க வைக்கின்றனர். மழைக்காலத்து விளைச்சலைப் புளிப்பு என்றும், கோடை விளைச்சலை இனிப்பு என்றும் அவர்கள் பிரித்துப் பெயரிட்டிருப்பது, ஈரமும் வெயிலும் இப்பழத்துக்குச் செய்வது யாது என்பதை விளக்கும். புரந்தர் அத்தி 2016 இற் புவிசார் குறியீடு பெற்றது. குளிர் செய்யும் வேலையை அங்கே கத்தரிக்கோல் செய்கின்றது.

மண்ணும் காற்றும் இவ்வாறு இசைந்திருந்தும், தோட்டத்து மக்களின் முற்றங்களில் அத்தி முதலிய நெடுநாட் பயிர்கள் பெருகாமைக்குக் காரணம் யாது? விடை தாவரவியலில் இல்லை, வரலாற்றில் உள்ளது. இராமநாதபுரம், புதுக்கோட்டை, திருச்சி, சேலம் முதலிய வெயிற் சமவெளிகளிலிருந்து வந்து, கம்பளியைப் போர்த்திக்கொண்டு இம்மலைகளில் உழைத்தவர்கள் குடியிருந்தது லயங்களில். ஒரு குடும்பத்துக்கு ஓர் அறையும் அதன்முன் ஒரு சிறு தாழ்வாரமும் அளிக்கப்பட்டன. அறையும் தோட்டத்துக்குரியது, அறையின் முன்னுள்ள மண்ணும் தோட்டத்துக்குரியது. வேலை போனால் வீடும் போகும். இந்நிலையில் மக்கள் கீரை விதைத்தனர், கொச்சிக்காய் நட்டனர், பூசணிக்கொடி ஏற்றினர். சில திங்களிற் பயன் தருபவை அவை. அத்தியோ பழம் தர இரண்டு மூன்று ஆண்டுகள் எடுக்கும். நன்கு காய்க்க மேலும் சில ஆண்டுகள் செல்லும். நாளை எங்கிருப்போம் என்று அறியாதவர் அதனை எப்படி நடுவர்?

அந்த ஐயம் 1948 ஆம் ஆண்டில் மேலும் பெருகியது. அவ்வாண்டின் 18 ஆம் இலக்கக் குடியுரிமைச் சட்டம் தோட்டத் தமிழரிற் பெரும்பாலாரை நாடற்றவராக்கியது. 1964 ஒக்டோபர் 30 இற் சிறிமாவோ பண்டாரநாயக்காவும் லால் பகதூர் சாஸ்திரியும் செய்த உடன்படிக்கை 9,75,000 பேரைக் கணக்கிட்டு, 5,25,000 பேர் இந்தியாவுக்கும் 3,00,000 பேர் இலங்கைக்கும் எனப் பகுத்தது. எஞ்சிய 1,50,000 பேரை 1974 இல் இரு நாடுகளும் சரிபாதியாகப் பகிர்ந்துகொள்ள இசைந்தன. ஊவாவிலிருந்தும் குடும்பங்கள் பெட்டி கட்டின. தமிழக அரசு அவர்களுக்கென நீலகிரியில் 1968 முதல் தேயிலைத் தோட்டங்களை அமைத்தது. ஒரு மலையிலிருந்து புறப்பட்டவர் பலர் மற்றொரு மலையில், மீண்டும் அதே செடியின் அடியில், மீண்டும் பிறர் நிலத்தில் வாழ்வைத் தொடங்கினர். இத்தாலியர் குச்சியை மூட்டையிற் கொண்டு சென்றனர். ஊன்றுவதற்கு ஒரு முற்றம் அவர்களுக்குக் காலப்போக்கில் வாய்த்தது. இவர்களுக்கோ அம்முற்றமே வாய்க்கவில்லை.

காலம் மெல்ல மாறியது. 1988 இலும் 2003 இலும் இயற்றப்பட்ட சட்டங்களால் இலங்கையில் எஞ்சிய நாடற்றோர் குடியுரிமை பெற்றனர். லயங்களுக்குப் பதிலாக 7 பேர்ச் காணியில் தனிவீடு என்னும் திட்டம் உருவாயிற்று. இந்தியாவின் நன்கொடையில் மத்திய, ஊவா மாகாணத் தோட்டங்களுக்கு 4,000 வீடுகள் ஒதுக்கப்பட்டன. மேலும் 10,000 வீடுகள் 2017 மே மாதத்தில் அறிவிக்கப்பட்டன. ஆயினும் இன்றும் லயங்களில் வாழும் குடும்பங்கள் மிகப் பல. வீடு பெற்றும் காணி உறுதியை எதிர்பார்த்து நிற்போரும் உளர். 7 பேர்ச் என்பது ஏறத்தாழ 1,900 சதுர அடி. இத்திட்டத்து வீடு ஏறத்தாழ 550 சதுர அடி கொள்ளும். எஞ்சுவது பெருநிலம் அன்று. ஆனால் ஓர் அத்தி மரத்துக்கு அது தாராளமான இடம்.

அத்தகைய முற்றத்தில் அத்தியை வளர்ப்பது அரிய செயலன்று. பென்சில் பருமனுள்ள முதிர்ந்த குச்சியை ஒரு சாண் நீளத்துக்கு வெட்டி, வடியும் பால் காயும்வரை நிழலில் வைத்து, மணல் கலந்த மண்ணில் மூன்றில் இரண்டு பங்கு புதையும்படி ஊன்ற வேண்டும். சில கிழமைகளில் அது துளிர்க்கும். பின்னர் நீர் தேங்காததும், வெயில் நாள் முழுதும் விழுவதும், காற்றுக்குச் சுவர் மறைப்பதுமான இடத்தில் நடலாம், தொட்டியிலும் வைக்கலாம். மழைக்காலம் ஓய்ந்தபின் கிளைகளை அளவாக நறுக்கினால், வறண்ட திங்களிற் பழம் முதிரும். துரு விழுந்த இலைகளைக் கூட்டி எரித்துவிட வேண்டும். பழுக்கும் காலத்தில் வலையொன்று போர்த்தாவிட்டால், பறவைகளும் வௌவால்களுமே பழத்தை உண்ணும். அத்திப்பால் தோலிற் பட்டு வெயிலுங் காய்ந்தாற் புண்ணாகும். சிறுவர் எச்சரிக்கையாயிருத்தல் நன்று.

லம்பெத் மாளிகையின் சுவரும், ஆர்ஜன்தேய் உழவரின் குழியும், நியூயோர்க் இத்தாலியரின் சாக்குப் போர்வையும், அநுராதபுரத்தின் மதிலும் ஒன்றையே கூறுகின்றன. தன் நாட்டை விட்டு வந்த மரத்தைக் குளிர் கொல்வதில்லை. அதற்கென ஓர் இடத்தை உறுதி செய்யாமையே கொல்லும். மலையகத்துக்கு வந்த கோப்பிக்கும் சிங்கோனாவுக்கும் தேயிலைக்கும் அந்த இடம் வந்த நாளிலேயே அளந்து கொடுக்கப்பட்டது. அவற்றை நட்ட கைகளுக்கு அது கிடைக்க நூற்றைம்பது ஆண்டுகளுக்கு மேலாயிற்று; பலருக்கு இன்னும் கிடைத்தபாடில்லை. நமுனுகுலைச் சரிவில் ஒரு வீட்டு முற்றத்தில் அத்திக்கன்று ஒன்று வேர்விடுமானால், அதை நட்டவர் மூன்றாண்டு கழித்தும் அங்கேயே இருப்பேன் என்று நம்பியவர் என்பது பொருள். அந்த நம்பிக்கை அத்தி பூத்தாற்போல் எங்கோ ஒரு முற்றத்தில் மட்டும் காணப்படாமல், வீடுதோறும் காணப்படும் நாளே மலையகம் தன் மக்களுக்கு வீடான நாளாகும்.